அத அள்ளப்பா

எதிராளியின் மணிக்கட்டைப் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பிடித்த பிறகு அவளைக் கீழே விழுத்துவதுதான் வித்தை. அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு என் கம்பஸ் வாழ்க்கை நசுங்கியது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வந்தாறுமூலைக் கம்பஸில் பெண்களுக்கு மல்யுத்தம் இருந்தது என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. இருந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் நாங்கள் ஐந்தாறு பேர். பட்மின்டன்காரர்கள் எங்களை முறைப்பார்கள். நடனக்காரர்கள் சலங்கையோடு வந்து வாசலில் நின்று நேரம் பார்ப்பார்கள். மெத்தையை நாங்களே விரித்து, நாங்களே துடைத்து, நாங்களே சுருட்டி வைக்க வேண்டும். மாரிக்குள் அது காயவே காயாது. ஊறுகாய்ச் சாடி மாதிரி மணக்கும். அதில்தான் முகத்தை வைத்துத் தேய்ப்போம்.

முதல் நாளே எனக்கு எரிச்சலில்தான் தொடங்கியது. எந்த ஊர் என்று கேட்டார்கள். ஆரையம்பதி என்றேன். உடனே எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். மீன்பிடிக் குடும்பம், வலை இழுத்த கை, பிடி நல்லாயிருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். என் அப்பா வைத்திருப்பது போட்டோக்கொப்பிக் கடை. நான் வாவியில் காலை நனைத்ததுகூடக் குறைவு. ஆனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேருக்காகவே எனக்குக் கைப்பிடி ஆட்டத்தைப் பழக்கினார்கள்.

அதற்கு எங்களுக்குள் "ரெண்டுக்கு ஒண்டு" என்று பெயர். அவளுடைய ஒரு கைக்கு என்னுடைய இரண்டு கைகள். வலக்கையால் அவளுடைய வலது மணிக்கட்டு. இடக்கையை உள்ளால் விட்டு, அவளுடைய கக்கத்துக்குப் பக்கத்தில் மேல்கையை வளைத்து என் நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தோளால் அவள்மேல் பாரத்தைப் போட வேண்டும். இப்படி அகப்பட்ட கையை இழுத்தெடுக்க அவள் படாத பாடு படுவாள். அவள் பின்னுக்கு இழுத்தால், மணிக்கட்டை விடாமல் அந்தக் கையைக் கீழே இழுத்து அவள் முதுகுப்பக்கம் போய்விடலாம். முன்னுக்குக் காலை வைத்தால், மணிக்கட்டை விட்டுவிட்டு அந்தக் காலை அள்ளலாம். பிடிப்பதா அள்ளுவதா என்பதுதான் முழு ஆட்டமும். மாறிச் செய்தால் கதை கந்தல். கால் பின்னால் இருக்கும்போது மணிக்கட்டை விட்டுப் பாய்ந்தால், அவள் இடுப்பைப் பின்னால் எறிந்து என் தலையில் குந்திவிடுவாள்.

பழக்கியவர் அம்பாறைப் பக்கத்துச் சிங்களவர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. தானும் போட்டிகளில் இறங்கியவர், முழங்கால் போனதால் பழக்க வந்தவர். எங்களுக்கு அவர் சேர், அவருக்கு நாங்கள் எல்லோரும் நங்கி, அதாவது தங்கச்சி. பயிற்சியில் அவர் கொஞ்சம் இங்கிலிஷ், கொஞ்சம் தமிழ், மிச்சத்துக்குக் கை கால் என்று சமாளிப்பார். "கை பிடி. விடாத. இப்ப கால்." அது எனக்கு விளங்கியது. எனக்குத் தெரிந்த சிங்களமோ பள்ளிக்கூடத்தில் படித்த மரமும் பூவும் லீவுக் கடிதமும்தான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். மெத்தையின் ஓரத்தில் கதிரையை விட்டு எழும்பி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். அந்தச் சத்தத்திலும் எனக்காக அவர் ஒரு தமிழ்ச் சொல்லைப் பழகி வைத்திருந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அத அள்ளப்பா!"

அதுதான் அவர் கத்துவது. எங்கள் ஊரில் வலையில் விழுந்ததை, நெல்லை, வெள்ளத்தில் வந்த குப்பையை, எதைக் காட்டியும் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லக்கூடிய சொல். என் முதல் போட்டியில் அது முதன்முதலாக என் காதில் விழுந்தபோது நான் ரெண்டுக்கு ஒண்டில் இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதிராளி குனிந்து பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் தூரத்தில் இருந்ததும் எனக்குத் தெரிந்தது. ஆனால் வெளியில் நின்று பார்ப்பவருக்கு எனக்குத் தெரியாதது தெரியும் என்றுதானே நினைப்போம்! மணிக்கட்டை விட்டேன், பாய்ந்தேன். என் நெற்றி மெத்தையில் அடித்தது. அவள் பின்னால் சுற்றி வந்து என்னைப் புரட்டி முதுகில் போட்டாள். ஆட்டம் முடிந்தது என்று நடுவர் மெத்தையில் கையால் அறைந்த சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அடுத்த வருடமும் அதேதான். முதல் பாதியில் நான் முன்னுக்கு நின்றேன். மணிக்கட்டு கிடைத்தது, நெஞ்சோடு இறுக்கினேன், அவள் முனகியதுகூடக் கேட்டது. "அத அள்ளப்பா! அத அள்ளப்பா!" அள்ளினேன். திரும்பவும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த முறை எனக்குத் தாங்கவில்லை. மெத்தையை விட்டு இறங்கும்போதே சேரைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவரும் தோளில் கிடந்த துவாயை நிலத்தில் எறிந்துவிட்டு நின்றார்.

"நீங்கதானே சேர் அள்ளச் சொன்னீங்க!"

அவர் தலையைத் தலையை ஆட்டினார். "ஒவ்! மம தமய் கிவ்வே!"

ஆம், நான்தான் சொன்னேன். அந்தளவு சிங்களம் எனக்கு விளங்கும். சொன்னது பிழை என்று தெரிந்தும், நான்தான் சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது? எனக்கு நெருப்பாக எரிந்தது. திரும்பி வரும்வழி முழுக்க நான் பஸ்ஸில் கடைசிச் சீட்டில் இருந்தேன், அவர் முன்சீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு பயிற்சியிலும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. அவர் மற்றவர்களுக்கு இரண்டு தரம் காட்டுவதை எனக்கு ஒரு தரம்தான் காட்டினார். திமிர் பிடித்தவள் என்று அவர் யாரிடமோ சொன்னது சுற்றி வளைத்து என்னிடம் வந்தது. எனக்கா திமிர்? இவர் சொன்னதையெல்லாம் அப்படியே செய்துதானே முதுகில் விழுந்தேன்!

வீட்டில் இன்னொரு பக்கம் இடி. அம்மாவுக்கு நான் தோற்பதில் கவலையில்லை. தோற்றும் போகிறேனே என்பதுதான் கவலை. விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு சோறு பிசையும்போது பக்கத்தில் வந்து நிற்பா.

"உனக்குக் கைப்பிடிக்க ஒரு ஆளப் பாப்பம் எண்டு நாங்க அலையிறம். நீ ஆர்ர கையையோ பிடிச்சி முறுக்கிக்கொண்டு திரியிறா. என்னகா இது?"

"ஒரேயொரு தரம் வெல்லட்டும் அம்மா. மறுகா விட்டிர்றன்."

"வெண்டா விடுவியா?"

"ஓம்."

வென்றாலும் தோற்றாலும் அது முடியத்தான் போகிறது என்று இருவருக்கும் தெரியும். கம்பஸை விட்டு வெளியே வந்தால் பெண்களுக்கு மல்யுத்தம் பட்டாளத்திலோ பொலிசிலோதான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆகவே எனக்கு மிச்சமிருந்தது இறுதி வருடப் போட்டி ஒன்றுதான். பதக்கம் வேண்டாம். நடுவர் ஒரு தரம், ஒரேயொரு தரம், என் கையைத் தூக்கிக் காட்டினால் போதும். தோற்று முடித்தவளாக அந்த மண்டபத்தை விட்டு வெளியே வர எனக்கு விருப்பமில்லை.

விஷயம் வெளியே வந்தது என்னோடு பயிற்சி செய்யும் ஏறாவூர்க்காரியால். அவள் தலையை இறுக்கக் கட்டி நீளக்கைச் சட்டையோடு மெத்தைக்கு வருவாள். வெளியூர்ப் போட்டிக்கு வீட்டில் விடமாட்டார்கள். ஆனால் பயிற்சியில் என்னைப் புரட்டி எடுப்பாள். அவளுடைய வாப்பாவுக்குப் பொலன்னறுவையில் துணிக்கடை. சின்ன வயதில் பாதி நாள் அங்கேதான் வளர்ந்தாள், சிங்களம் தண்ணீராக வரும். ஒரு நாள் கன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் தோல்வியை யாரோ எடுத்த வீடியோவில் பார்க்கக் கேட்டாள். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஒரு தரம் பார்த்தாள், திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"என்ன புள்ள இது? பிடி பிடி எண்டு அவர் கத்துறார். நீ விட்டுப்போட்டு ஓடுறா?"

"ஆரு பிடிக்கச் சொன்ன? அள்ளச் சொல்றார். வடிவாக் கேளு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாவே. அவர் தமிழா பேசுறார்? சிங்களம் புள்ள! 'அத' எண்டா கை. 'அல்லபன்' எண்டாப் பிடி. அத அல்லபன். கையப் பிடி!"

நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன். அத அல்லபன். அத அள்ளப்பா. மண்டபத்து இரைச்சலுக்குள் அந்தக் கடைசி எழுத்து எப்போதும் விழுந்து போயிருக்கிறது. பிடி என்று அவர் தொண்டை கிழியக் கத்த, நான் அதைக் கேட்டு, விட்டிருக்கிறேன். அதுவும் பணிவோடு, உடனுக்குடன். நீங்கதானே அள்ளச் சொன்னீங்க என்று நான் கேட்டதும் அவர் காதில் பிடிக்கச் சொன்னீர்கள் என்றுதான் விழுந்திருக்கும். ஆம், நான்தான் சொன்னேன் என்று அவர் தலையாட்டியதில் ஒரு பிழையுமில்லை. சண்டையைக்கூட நாங்கள் ஒழுங்காகப் பிடிக்கவில்லை! ஏறாவூர்க்காரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடத்தை யாரோ களவெடுத்துவிட்டார்கள், எடுத்தவரைக் காட்டச் சொன்னால் காட்ட ஆளில்லை என்ற ஆத்திரம்தான் வந்தது.

சேரிடம் போய் அவளே சிங்களத்தில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மெத்தையில் இருந்துவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நான் நினைச்சது நங்கி வேணுமெண்டே நான் சொல்றதக் கேக்க இல்ல எண்டு," என்றார். நானும் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. இனிமேல் போட்டியில் இரண்டே இரண்டு சொல் என்று பேசி முடித்தோம். பிடிக்க வேண்டுமென்றால் "பிடி". காலுக்குப் போக வேண்டுமென்றால் "கால்". வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு அவரைத் தெரியும். மனிதரை நம்பலாம், பதற்றத்தில் அவருடைய வாயை நம்ப முடியாது. கடைசி நிமிடத்தில் பிடியாவது காலாவது, தாய்ப்பாஷைதான் வரும். எனக்கு விரல் கதவில் நசிந்தால் சிங்களத்திலா கத்துவேன்? ஆகவே அவருக்குத் தெரியாமல் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். ஏறாவூர்க்காரியின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்வேன். அவள் உதறிக்கொண்டே என் காதுக்குள் "அத அல்லபன்" என்று கத்துவாள். கேட்டவுடன் இறுக்க வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு தரமும் என் கை தானாக விட்டது. காதில் தமிழாக விழுகிற சொல்லைத் தமிழில்லை என்று கைக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமில்லை. இரண்டு தரம் அழுதேன், ஒரு தரம் அவளோடு கோபித்துக்கொண்டு போய்விட்டேன். பழகப் பழகக் கை கேட்கத் தொடங்கியது. பிறகு "அல்ல" என்ற சத்தம் எங்கே கேட்டாலும் என் விரல்கள் மூடிக்கொண்டன. ஒரு நாள் பஸ்ஸில் ரேடியோச் செய்தியில் "அது உண்மை அல்ல" என்று வாசித்தபோதுகூடக் கம்பியை இறுக்கியிருக்கிறேன்.

இறுதி வருடப் போட்டி மலைநாட்டுக் கம்பஸ் ஒன்றில் நடந்தது. ஏறாவூர்க்காரி வரவில்லை. வழக்கம்போல வீட்டில் விடவில்லை. பஸ் மன்னம்பிட்டியைத் தாண்டியதிலிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் சேரும் ஆண்கள் அணியில் இருந்த சித்தாண்டிக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சேர் நாக்கை மடித்து மடித்து எதையோ சொல்வதும், அவன் இல்லை என்று தலையாட்டுவதும், இருவரும் குலுங்கிச் சிரிப்பதுமாக இருந்தது. என் உயிர் போகிறது, இவர்களுக்குப் பகிடி என்று நினைத்தேன். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

என் எதிராளி நல்ல உயரம். முன்கை இரும்பு. ஆனால் முன்னைய ஆட்களைப் போல என்னைப் புரட்ட அவளால் முடியவில்லை. இரண்டு தரம் சேர் "பிடி!" என்றார், இரண்டு தரமும் பிடித்தேன், இரண்டு தரமும் அவளை இழுத்துப் பின்னால் போகப் பார்த்தேன். மயிரிழையில் தப்பினாள். ஒரு தரம் என்னைக் கோட்டுக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி எடுத்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அவளைக் கீழே விழுத்தினால் எனக்கு இரண்டு. வாழ்க்கையில் நான் வெற்றிக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

முடிய அரை நிமிடமளவில் எனக்கு ரெண்டுக்கு ஒண்டு கிடைத்தது. மணிக்கட்டு கையில், மேல்கை நெஞ்சில், தோள் அவள்மேல். அவள் களைத்துப்போயிருந்தாள். பின்னால் இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு என்னைத் தள்ளுவதற்காக முன்னுக்கு வந்தாள். வலது கால் என் கால்களுக்கு நடுவில் வந்து ஊன்றியது.

அந்தக் காலை நான் கண்டேன். கண்டேன் என்பதுதான் இன்றுவரைக்கும் என்னை அரிக்கிறது. முழங்காலில் அவள் கட்டியிருந்த நீலத் துணிகூட ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் ஓரத்திலிருந்து சத்தம் வந்தது.

"அள்ளு! அத அள்ளப்பா! அள்ளு!"

என் விரல்கள் மூடிக்கொண்டன. மனிதர் பதறிவிட்டார், பிடியையும் காலையும் மறந்து தன் பாஷைக்குப் போய்விட்டார், நல்லவேளை நான் பழகி வைத்தேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும். பிடிக்கச் சொல்கிறார், பிடிக்கிறேன். அவர் கத்தக் கத்த நான் இறுக்கினேன். அவள் கால் அங்கேயே நின்றது. அவளுக்கு அதை எடுக்கத் தெம்பில்லை, எனக்கு அதைத் தொட அனுமதியில்லை. விசில் ஊதியபோதும் அவள் மணிக்கட்டு என் கைக்குள்தான் இருந்தது. நடுவர் வந்து என் விரல்களை விலக்கி, அவளுடைய அந்தக் கையைத்தான் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார்.

நான் இறங்கி வந்தேன். சேர் இந்த முறை துவாயை எறியவில்லை. அதை என் தோளில் போட்டார். அவர் முகம் அழப்போகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"நங்கி, ஏன்? கால் இருந்ததுதானே. ஏன் அள்ள இல்ல?"

"நீங்க பிடிக்கச் சொன்னீங்க சேர். அல்லபன் எண்டு..."

"இல்ல, இல்ல," என்றார். தலையை ஆட்டிக்கொண்டே சித்தாண்டிக்காரனைக் கை காட்டினார். "நான் சிங்களம் சொல்ல இல்ல. பஸ்ஸில முழுக்கப் பழகினது. அவசரத்தில நங்கிக்குத் தமிழ்தான் விளங்கும் எண்டு. கால் எண்டு சொன்னாக் காணாது, அள்ளு, அத அள்ளப்பா எண்டு சொல்ல வேணும் எண்டு. நான் தமிழ் சொன்னது."

சித்தாண்டிக்காரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. சுற்றிப் பார்த்தேன். என் பாஷையைப் பழகியவரைத் திட்டுவதா, அவர் பாஷையைப் பழகிய என்னைத் திட்டுவதா? விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டேன்.

அவர் எனக்கு முன்னால் முழங்கால் நோக இருந்து, நான் நம்பவில்லையென்று நினைத்தோ என்னவோ, நாக்கை மேலே மடித்து, மெதுவாக, இன்னொரு தரம் சொல்லிக் காட்டினார்.

"அள்ளு."

அவருடைய "ள" சுத்தமாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.